மன்னரையும் மேதையையும் ஏமாற்றிய எண்

சதுரங்கப் பலகையில் 64 கட்டங்கள். முதல் கட்டத்தில் ஒரே ஓர் அரிசி. இரண்டாவது கட்டத்தில் இரண்டு. மூன்றாவதில் நான்கு. நான்காவதில் எட்டு. இப்படி ஒவ்வொரு கட்டத்திலும் முந்திய கட்டத்தைப் போல் இரு மடங்கு வைத்துக்கொண்டே போக வேண்டும். 64 கட்டங்களும் நிறைந்த பிறகு எல்லா அரிசியையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணினால் எவ்வளவு வரும்?

1,84,46,74,40,73,70,95,51,615.

மொத்தம் இருபது இலக்கங்கள். வாயால் சொல்வதானால் 1 லட்சத்து 84 ஆயிரத்து 467 கோடி கோடி. அதற்கு மேல் 44 லட்சத்து 7 ஆயிரத்து 370 கோடி. அதற்கும் மேல் 95 லட்சத்து 51 ஆயிரத்து 615.

இந்தக் கதையைக் கேட்காதவர்கள் குறைவு. எண் பெரியது என்பதோடு பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த எண்ணைத் திறந்து உள்ளே பார்த்தால் இன்னொரு கதை இருக்கிறது. உலகம் போற்றும் கணித மேதை ஒருவர், கதையில் வரும் மன்னரைப் போலவே ஏமாந்த கதை அது.

அம்பலப்புழையில் தீராத கடன்

கேரளத்தில் ஆலப்புழைக்கு அருகே உள்ள அம்பலப்புழை கிருஷ்ணன் கோயிலின் பால்பாயசம் பெயர் பெற்றது. அந்தப் பாயசத்துக்குப் பின்னால் இந்த எண்ணே நிற்கிறது.

சதுரங்கப் பிரியரான மன்னரிடம் முதியவர் ஒருவர் ஆட வந்தாராம். தோற்றால் என்ன வேண்டும் என்று மன்னர் கேட்டார். "ஏழைக்குப் பெரிதாக எதுவும் வேண்டாம். முதல் கட்டத்துக்கு ஓர் அரிசி, அடுத்ததற்கு இரண்டு, அப்படியே இரட்டித்துக் கொடுத்தால் போதும்" என்றார் முதியவர். மன்னர் சிரித்தார், ஆடினார், தோற்றார். அரிசியை அளக்கத் தொடங்கிய பிறகுதான் களஞ்சியமே போதாது என்று தெரிந்தது. முதியவராக வந்தவர் கண்ணன். "ஒரேயடியாகக் கொடுக்க வேண்டாம். கடன் தீரும்வரை என் சந்நிதிக்கு வருகிறவர்களுக்குப் பாயசமாகக் கொடு" என்றாராம். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை என்பது ஐதிகம்.

இதே கதை மேற்கே அரபு நாடுகளிலும் வழங்கியது. 13-ம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு கல்லிகான் என்ற வரலாற்று ஆசிரியர், ஓர் இந்திய மன்னரையும், சதுரங்கத்தைக் கண்டுபிடித்த சிஸ்ஸா என்பவரையும் பற்றி இதைச் சொல்கிறார். அங்கே அரிசிக்குப் பதில் கோதுமை. எண் மட்டும் மாறவில்லை.

மன்னர் ஏன் சிரித்தார்?

மன்னரை முட்டாள் என்று சொல்லிவிடுவது எளிது. கணக்கைப் பார்த்தால் அவர் மீது இரக்கம்தான் வரும். ஒரு கிராமுக்குச் சுமார் 40 அரிசி என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் வரிசையின் எட்டுக் கட்டங்களிலும் சேர்த்து 255 அரிசி. எடை 6 கிராமுக்குச் சற்று அதிகம். ஒரு கைப்பிடி கூட இல்லை.

இரண்டு வரிசை முடிந்தால் 65,535 அரிசி. சுமார் 1 கிலோ 640 கிராம். சிறு குடும்பத்தின் இரண்டு மூன்று நாள் சமையல்.

மூன்று வரிசை முடிந்தால் சுமார் 420 கிலோ. ஐந்தாறு மூட்டை. நான்கு வரிசை, அதாவது பாதிப் பலகை முடிந்தால் 4,29,49,67,295 அரிசி, 107 டன். பத்துப் பதினோரு லாரியில் ஏற்றிவிடலாம். ஒரு மன்னருக்கு இது பெரிய காரியமா?

ஆக, பலகையில் பாதி தாண்டும் வரையிலும் மன்னர் சிரித்ததில் தப்பே இல்லை. அதற்குப் பிறகுதான் வினை. ஐந்தாம் வரிசை முடிவில் 27 ஆயிரம் டன்னுக்கு மேல். ஆறாம் வரிசை முடிவில் 70 லட்சம் டன். ஏழாம் வரிசை முடிவில் 180 கோடி டன். எட்டாம் வரிசையும் முடிந்தால் சுமார் 46,000 கோடி டன்!

இந்தியா இன்று ஆண்டுக்குச் சுமார் 13 கோடி டன்னுக்கு மேல் அரிசி விளைவிக்கிறது. ஒரு மணி கூட உண்ணாமல் சேர்த்து வைத்தாலும் அந்தக் கடனை அடைக்க 3,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இன்னொரு விந்தையும் உண்டு. 64-வது கட்டத்தில் மட்டும் உள்ள அரிசி 92,23,37,20,36,85,47,75,808. இது அதற்கு முந்திய 63 கட்டங்களிலும் உள்ள மொத்த அரிசியை விடச் சரியாக ஒன்றே ஒன்று அதிகம். எந்தக் கட்டத்தை எடுத்தாலும் இதே கதைதான். அதுவரை வைத்ததெல்லாம் சேர்ந்தாலும் அடுத்த கட்டத்துக்கு ஒன்று குறையும்.

அல்பெரூனியின் குறுக்கு வழி

64 எண்களை எழுதிக் கூட்டாமல் இந்த விடையைப் பெற முடியுமா? முடியும். இந்தியாவைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய அறிஞர் அல்பெரூனி, அதற்கு முன்பே, சுமார் கி.பி. 1000-ம் ஆண்டில் எழுதிய ஒரு நூலில் இந்தக் கணக்கைச் சுருக்கமாகப் போட்டுக் காட்டினார்.

ஐந்தாவது கட்டத்தில் 16 அரிசி. 16-ஐ 16-ஆல் பெருக்கினால் 256. அது ஒன்பதாவது கட்டம். 256-ஐ 256-ஆல் பெருக்கினால் 65,536. அது 17-வது கட்டம். அதை அதனாலேயே பெருக்கினால் 33-வது கட்டம். இன்னொரு முறை பெருக்கினால் 65-வது கட்டம். பலகையில் 65-வது கட்டம் இல்லை. ஆனால் அப்படி ஒன்று இருந்தால் அதில் வரும் அரிசி, பலகையின் மொத்தத்தை விட ஒன்று அதிகமாக இருக்கும். ஆகவே ஒன்றைக் கழித்தால் விடை தயார். நான்கே பெருக்கல், ஒரு கழித்தல்!

காசியில் இல்லாத கோபுரம்

இதே எண் வேறொரு வேடத்திலும் வந்தது. 1883-ம் ஆண்டு எட்வார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் ஒரு விளையாட்டுப் பொருளை உருவாக்கினார். மூன்று கம்பிகள். ஒரு கம்பியில் பெரிது கீழே, சிறிது மேலே என அடுக்கிய வட்டத் தகடுகள். ஒரு முறைக்கு ஒரு தகடு வீதம், சிறியதன் மேல் பெரியது வராமல், முழு அடுக்கையும் வேறு கம்பிக்கு மாற்ற வேண்டும். 'ஹனோய் கோபுரம்' என்று பெயர்.

அதற்கு ஒரு கதையும் ஒட்டிக்கொண்டது. காசியில் ஒரு பெரிய கோயிலில் வைர ஊசிகள் மூன்று இருக்கின்றனவாம். பிரம்மா அடுக்கிய 64 பொன் தகடுகளை அர்ச்சகர்கள் இரவு பகலாக மாற்றிக்கொண்டிருக்கிறார்களாம். வேலை முடிந்ததும் உலகமும் முடியுமாம். காசியில் அப்படி ஒரு கோயில் இல்லை. பாரிஸில் கட்டிய கதை அது. ஆனால் கணக்கு பொய்யல்ல.

மூன்று தகடுகளுக்கு 7 நகர்த்தல்கள் தேவை. நான்குக்கு 15. ஒவ்வொரு தகடு கூடும்போதும் முன்பு செய்ததை இரண்டு தடவை செய்து, நடுவில் பெரிய தகட்டை ஒரு தடவை நகர்த்த வேண்டும். 64 தகடுகளுக்கு வருவது சதுரங்கப் பலகையின் அதே எண். வினாடிக்கு ஒரு நகர்த்தல் என்றாலும் சுமார் 58,450 கோடி ஆண்டுகள் ஆகும். இந்தப் பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான்.

எண்ணைப் பிரித்தால்...

இனி அந்த எண்ணை உடைத்துப் பார்க்கலாம். ஐந்தில் முடிவதால் ஐந்தால் வகுபடும். இருபது இலக்கங்களையும் கூட்டினால் 87. ஆகவே மூன்றாலும் வகுபடும். இவை பள்ளிப் பாடம். மீதிக் காரணிகளைக் கண்டுபிடிக்கப் பலகையே வழி காட்டுகிறது.

முதல் வரிசையில் 255 அரிசி. இரண்டாம் வரிசையின் ஒவ்வொரு கட்டத்திலும், அதற்கு நேரான முதல் வரிசைக் கட்டத்தைப் போல் 256 மடங்கு. ஆகவே இரண்டு வரிசைக்கும் சேர்த்து 255-ஐ 257-ஆல் பெருக்கினால் போதும். அதே போல் நான்கு வரிசைக்கு, முதல் இரண்டு வரிசையின் மொத்தத்தை 65,537-ஆல் பெருக்க வேண்டும். எட்டு வரிசைக்கு, பாதிப் பலகையின் மொத்தத்தை 4,29,49,67,297-ஆல் பெருக்க வேண்டும். முதல் வரிசையின் 255 என்பதே 3, 5, 17 மூன்றையும் பெருக்கியதுதான்.

ஆக, நம் இருபது இலக்க எண் என்பது 3, 5, 17, 257, 65,537, 4,29,49,67,297 ஆகிய ஆறு எண்களின் பெருக்குத்தொகை. 2, 3, 5, 9, 17, 33-வது கட்டங்களில் உள்ள அரிசியோடு ஒன்றைக் கூட்டினால் இந்த ஆறு எண்களும் வரிசையாகக் கிடைக்கும்.

கணிதம் படித்தவர்கள் இந்த வரிசையைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வார்கள். இவைதான் 'பெர்மா எண்கள்'.

மேதை விட்ட ஒரு வகுத்தல்

பியர் தெ பெர்மா, 17-ம் நூற்றாண்டில் பிரான்சின் தூலூஸ் நகரில் நீதித்துறைப் பதவி வகித்தவர். கணிதம் அவருக்குத் தொழில் அல்ல, பொழுதுபோக்கு. ஆனால் எண்களைப் பற்றிய இயலில் அவர் காலத்தில் அவருக்கு நிகர் யாரும் இல்லை.

3 ஒரு பகா எண். அதாவது ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாதது. 5 பகா எண். 17 பகா எண். 257 பகா எண். 65,537-ம் பகா எண். ஐந்தும் தேறிவிட்டன. இந்த வரிசையில் எவ்வளவு தூரம் போனாலும் வருவதெல்லாம் பகா எண்களே என்று பெர்மா முடிவு கட்டினார். 1640-ம் ஆண்டு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொன்னார். தம்மிடம் நிரூபணம் இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனாலும் அது உண்மை என்று உறுதியாக நம்பினார்.

ஆறாவது எண் 4,29,49,67,297. இதை அவர் சோதித்திருந்தால்?

1729-ம் ஆண்டு டிசம்பரில், கோல்ட்பாக் என்ற கணித அறிஞர், ரஷியாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ஆய்லர் என்ற இளைஞருக்குக் கடிதம் எழுதினார். பெர்மாவின் இந்தக் கூற்று உங்களுக்குத் தெரியுமா என்று அதில் கேட்டிருந்தார். ஆய்லர் அதைத் துருவினார். 1732-ம் ஆண்டு, தமது 25-வது வயதில், விடையைச் சொன்னார்:

4,29,49,67,297 என்பது 641-ஐ 67,00,417-ஆல் பெருக்கினால் வருவது!

காகிதமும் பென்சிலும் உள்ள எவரும் ஐந்து நிமிடத்தில் இதைச் சரிபார்க்கலாம். ஒரே பெருக்கலில் பெர்மாவின் நம்பிக்கை சரிந்தது. 92 ஆண்டுகள் நின்ற கூற்று அது.

641 என்பது பகா எண்களின் வரிசையில் 116-வது. ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டு போயிருந்தாலும் 116 வகுத்தல்களில் பெர்மாவுக்கு உண்மை தெரிந்திருக்கும். அவ்வளவு கூட வேண்டாம். இந்த எண்ணுக்குக் காரணி இருந்தால், அதை 64-ஆல் வகுத்தால் மீதி ஒன்று வர வேண்டும் என்று காட்டிவிடலாம். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகும். ஐந்தாவது முயற்சியிலேயே விடை வந்துவிடுகிறது! இந்தக் குறுக்கு வழிக்கு அடிப்படையான தேற்றமோ பெர்மா தாமே கண்டுபிடித்தது. கையில் விளக்கை வைத்துக்கொண்டு அவர் இருட்டில் நடந்துவிட்டார்.

வகுக்காமலே காட்டலாம்

பெரிய வகுத்தல் எதுவும் இல்லாமல் 641-ஐக் காட்டும் அழகான வழி ஒன்றும் உண்டு.

641 என்பது 640-உடன் ஒன்று. 625-உடன் 16 என்றும் சொல்லலாம். இந்த இரண்டும் போதும்.

29-வது கட்டத்தில் உள்ள அரிசி 26,84,35,456. இதை 641-ஆல் பெருக்கினால் வருவது 641-ஆல் வகுபடும். அந்தப் பெருக்கலை இரண்டாகப் பிரித்தால், 625 மடங்கு ஒரு பங்கு. 16 மடங்கு இன்னொரு பங்கு. 16 மடங்கு என்பது நான்கு கட்டம் தள்ளி 33-வது கட்டத்தின் அரிசி.

625 மடங்கு என்ன? 640 என்பது 5-ஐ 128-ஆல் பெருக்கியது. எனவே 640-ஐ நான்கு முறை எழுதிப் பெருக்கினால் வருவதும் அந்த 625 மடங்கேதான். அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் 641-ஆல் வகுபடும்.

இப்போது முதல் தொகையிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவது 33-வது கட்டத்தின் அரிசியும் ஒன்றும். அதாவது 4,29,49,67,297. வகுபடுகிற ஒன்றிலிருந்து வகுபடுகிற இன்னொன்றைக் கழித்தால் மிச்சமும் வகுபடத்தானே வேண்டும்!

ஆக, சதுரங்கப் பலகையின் எண்ணுக்குப் பகாக் காரணிகள் ஏழு: 3, 5, 17, 257, 641, 65,537, 67,00,417. இவற்றை விதவிதமாகப் பெருக்கினால், ஒன்றையும் முழு எண்ணையும் சேர்த்து 128 எண்கள் அதை மீதியின்றி வகுக்கும்.

தவறிலும் ஒரு புதையல்

பெர்மா தவறினாலும் அவர் பிடித்த எண்கள் வீண் போகவில்லை. 1796-ம் ஆண்டு, 18 வயது ஜெர்மானிய இளைஞர் காஸ், அளவு குறிக்காத வெறும் அடிகோலும் காம்பஸும் கொண்டு 17 சம பக்கங்கள் உள்ள உருவத்தை வரைய முடியும் என்று நிரூபித்தார். கிரேக்கர்கள் காலத்திலிருந்து இரண்டாயிரம் ஆண்டுகளாக யாருக்கும் தெரியாத செய்தி அது. எத்தனை பக்கங்கள் உள்ள உருவங்களை அப்படி வரையலாம் என்பதற்கான பொது விதியிலும் பெர்மாவின் பகா எண்களே வந்து நின்றன.

அந்த விதிப்படி வரைய முடியும் என்று இன்று தெரிந்த மிகப் பெரிய ஒற்றைப்படை எது? 3, 5, 17, 257, 65,537 ஐந்தையும் பெருக்கியது; அதாவது 4,29,49,67,295. பாதிப் பலகையில் இருக்கும் அரிசியின் எண்ணிக்கை!

65,537-க்கு அப்பால் இதுவரை ஒரு பெர்மா எண் கூடப் பகா எண்ணாகத் தேறவில்லை. ஆறாவது தொடங்கி அடுத்தடுத்த 28 எண்களும் வகுபடுபவை என்று நிரூபணமாகிவிட்டது. முதல் ஐந்தைப் பார்த்து 'எல்லாமே' என்றார் பெர்மா. அந்த ஐந்தோடு அது நின்றேவிட்டது போலத் தோன்றுகிறது. ஆனால் 'நின்றேவிட்டது' என்று சொல்வதற்கும் இன்னும் நிரூபணம் இல்லை. பெர்மாவுக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகு கணித அறிஞர்கள் அவசரப்படுவதில்லை.

கம்ப்யூட்டரும் பாதிப் பலகையும்

கம்ப்யூட்டரில் எல்லா எண்களும் பூஜ்யம், ஒன்று என்ற இரண்டே இலக்கங்களில் எழுதப்படுகின்றன. 64 இடங்களிலும் ஒன்றை நிரப்பினால் வருவது இதே இருபது இலக்க எண். 64 பிட் கம்ப்யூட்டர், கழித்தல் குறி இல்லாத முழு எண்ணாக ஓர் அறையில் வைக்கக் கூடிய உச்ச எண் அது. மேலும் ஒன்றைக் கூட்டினால், லாரியின் கிலோமீட்டர் மீட்டர் எல்லா ஒன்பதுகளையும் தாண்டியதும் பூஜ்யத்துக்குத் திரும்புவது போல, எல்லாம் பூஜ்யமாகிவிடும்.

மன்னர் செய்த தவறு இங்கேயும் நடந்தது. 1981-ம் ஆண்டு இன்டர்நெட்டுக்கு விதிமுறை வகுத்தபோது, ஒவ்வொரு கருவிக்குமான முகவரிக்கு 32 இடங்கள் ஒதுக்கினார்கள். சுமார் 429 கோடி முகவரிகள். பாதிப் பலகையின் அளவு. அன்று அது அள்ள அள்ளக் குறையாத களஞ்சியமாகத் தோன்றியது. 2011-ம் ஆண்டு பிப்ரவரியில் மத்தியக் கையிருப்பின் கடைசித் தொகுதிகளும் பங்கிடப்பட்டுத் தீர்ந்தன. புதிய முறையில் ஒரு முகவரிக்கு 128 இடங்கள். இரண்டு சதுரங்கப் பலகைகளின் கட்டங்கள்.

மன்னர் முதல் சில கட்டங்களைப் பார்த்துக் கடைசிக் கட்டத்தை எடைபோட்டார். பெர்மா முதல் ஐந்து எண்களைப் பார்த்து மீதி எல்லாவற்றையும் எடைபோட்டார். அறிவில் இருவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். தவறு மட்டும் ஒன்றே. வட்டிக் கணக்கிலும் தொற்றுநோய்ப் பரவலிலும் மனிதர்கள் இன்னும் இதே தவறைச் செய்கிறார்கள். தொடக்கத்தில் சிறியதாக இருப்பது அப்படியே இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தால் ஒரு சதுரங்கப் பலகையையும் கொஞ்சம் அரிசியையும் கொடுத்துப் பார்க்கலாம். முதல் வரிசை வரை விளையாட்டாக இருக்கும். அடுத்த வரிசையில் மூன்று நான்கு கட்டம் போவதற்குள் கட்டத்தில் அரிசி நிற்காது; வழியத் தொடங்கும். அப்போது 641-ஐ 67,00,417-ஆல் பெருக்கிப் பார்க்கச் சொல்லலாம். ஒரு மேதை செய்யாமல் விட்ட கணக்கை அந்தப் பிள்ளை முடித்துவிடும்.